பிளாஸ்டிக் பாகங்களுக்கு க்ரோம்: பிளேட்டிங்கா, ஸ்ப்ரேயா, ஃபிலிமா, புதுப் பாகமா?

காரின் முன் கிரில் மங்கிப்போச்சு, பக்கக் கண்ணாடியின் மூடி வெறும் கறுப்பாக இருக்கு, டோர் ஹேண்டிலையும் சேர்த்து க்ரோம் பண்ணிடலாமா என்று கேட்டுக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்குகிறவர்கள் நிறைய. ஒவ்வொரு கடையிலும் ஒவ்வொரு பதில். ஸ்டிக்கர் கடைக்காரர் ஃபிலிம் என்பார். பெயின்ட் ஷெட்டில் ஸ்ப்ரே என்பார்கள். சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலைப் பக்கம் போனால் பெட்டியோடு கார்னிஷ் செட், அதாவது பாகத்தின்மேல் ஒட்டும் க்ரோம் மூடிகள், மேசைக்கு வந்துவிடும். யாரும் பொய் சொல்லவில்லை. அவரவரிடம் இருப்பதைச் சொல்கிறார்கள். நடுவில் மாட்டிக்கொள்வது வண்டிக்காரர்தான்.

எல்லா முறையும் முதல் நாள் அழகாகத்தான் இருக்கும். அதனால் கடையில் தொங்கும் மாதிரியைப் பார்த்து முடிவெடுப்பதில் பயனில்லை. பாகம் எந்தப் பிளாஸ்டிக், வண்டியில் எந்த இடத்தில் உட்காருகிறது, அதன்மேல் கை படுமா, கல் படுமா, வெயில் படுமா? இவை தெரிந்துவிட்டால் இருக்கும் வழிகளில் பாதிக்கு மேல் தானாகவே கழிந்துவிடும்.

## முதலில் பாகத்தைத் திருப்பிப் பாருங்கள்

உலோகத்துக்கு க்ரோம் பிளேட்டிங் செய்வது எளிது. அது மின்சாரத்தைக் கடத்தும், தொட்டியில் இறக்கினால் முலாம் படியும். பிளாஸ்டிக் கடத்தாது, அதன்மேல் எதுவும் லேசில் ஒட்டவும் ஒட்டாது. இந்த இரண்டு சிக்கலையும் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதமாகச் சமாளிக்கிறது. எந்த அளவுக்குச் சமாளிக்கிறது என்பது பிளாஸ்டிக்கின் வகையைப் பொறுத்தது.

பாகத்தைக் கழற்றிப் பின்பக்கம் டார்ச் அடித்துப் பாருங்கள். அச்சிலேயே சின்ன எழுத்துகளில் பிளாஸ்டிக்கின் பெயரைப் பொறித்திருப்பார்கள். கார்களில் அடிக்கடி கண்ணில் படுபவை இவை:

- ஏபிஎஸ் (ABS): கிரில், கண்ணாடி மூடி, உள்புற டிரிம்கள். க்ரோமுக்கு மிகவும் ஒத்துழைக்கும் பிளாஸ்டிக் இதுதான்.
- பிசி-ஏபிஎஸ் (PC-ABS), அதாவது பாலிகார்பனேட் சேர்ந்த கலவை: சூடும் அடியும் தாங்க வேண்டிய இடங்கள். பிசி அளவு கூடக்கூட பிளேட்டிங் கஷ்டம்.
- பிபி (PP, பாலிப்ரொப்பிலீன்), அல்லது ரப்பர் கலந்த பிபி-இபிடிஎம் (PP-EPDM): பம்பர், அதன் கீழ் விளிம்பு, பல வீல் கப்புகள். வளையும், எதையும் ஒட்டவிடாது.
- பிஏ (PA) என்று தொடங்கினால் நைலான். பக்கத்தில் ஜிஎஃப் (GF) என்று இருந்தால் கண்ணாடி இழை கலந்தது.

எழுத்து தேய்ந்திருந்தால் பின்பக்க ஓரத்தில் பிளேடால் ஒரு சீவல் எடுத்துத் தண்ணீரில் போடுங்கள். பிபி மிதக்கும், ஏபிஎஸ் மூழ்கும். டால்க் அதிகம் கலந்த பிபியும் மூழ்கக்கூடும் என்பதால் இன்னொரு சோதனையும் தேவை. பின்பக்கத்தில் மறைவான இடத்தில் பஞ்சில் ஒரு சொட்டு அசிட்டோன் வையுங்கள். ஏபிஎஸ் பிசுபிசுவென்று இளகும், பிபிக்கு ஒன்றும் ஆகாது. இந்தச் சோதனைகளை முன்பக்கத்தில் செய்துவிடாதீர்கள்.

## எதை வைத்து எடை போடுவது

பளபளப்பு எல்லாமே ஒரே மாதிரி கிடையாது. நிஜ க்ரோமில் லேசான நீலச் சாயல் இருக்கும். முகம் பார்த்தால் விளிம்பு தெளிவாகத் தெரியும். சில முறைகளில் வருவது கண்ணாடி மாதிரியான மினுக்கம், சிலவற்றில் வெறும் சில்வர் பெயின்ட் நிறம். பக்கத்தில் கம்பெனி க்ரோம் பாகம் இருந்தால் இந்த வித்தியாசம் கண்ணை உறுத்தும். தனியாக இருக்கும் பாகத்துக்கு அவ்வளவு முக்கியமில்லை.

அடுத்தது ஒட்டுமானம். இதில்தான் பெரும்பாலான வேலைகள் தோற்கின்றன. பூச்சு தேய்ந்து போவதைவிட உரிந்து போவதே அதிகம்.

மூன்றாவது, வெளிச்சூழல்: வெயில், மழை, நெடுஞ்சாலைக் கல், கடற்கரை உப்புக்காற்று, வாட்டர் வாஷ் கடையின் பிரஷர் கன். ராமேஸ்வரத்தில் ஓடும் வண்டிக்கும் கோவையில் ஓடும் வண்டிக்கும் இது ஒன்றல்ல. கனடா, வட ஐரோப்பா பக்கம் இருக்கும் தமிழர்களுக்குப் பனிக்காலத்தில் சாலையில் தூவும் உப்புதான் முதல் எதிரி.

நான்காவது, மறைந்திருக்கும் செலவு. கழற்றும்போது உடையும் கிளிப்புகள், பழைய பூச்சை எடுக்கும் கூலி, ஒரு பாகம் கெட்டால் ஜோடியையும் மறுபடி செய்ய வேண்டிய நிலை. கடைசியாக, பிடிக்காவிட்டால் பழையபடி திரும்ப முடியுமா? விற்கும்போது இந்தக் கேள்வி வரும்.

## எலக்ட்ரோ பிளேட்டிங்: உண்மையான க்ரோம், ஆனால் உங்களுக்குக் கிடைக்குமா?

கம்பெனியிலிருந்து க்ரோம் கிரில்லோடு வரும் கார்களில் இருப்பது பெரும்பாலும் இதுதான். ஏபிஎஸ் பிளாஸ்டிக்குக்குள் பியூட்டாடையீன் என்ற ரப்பர் துணுக்குகள் கலந்திருக்கும். குரோமிக் அமிலமும் கந்தக அமிலமும் கலந்த சூடான தொட்டியில் பாகத்தை இறக்கினால் மேற்பரப்பில் இருக்கும் ரப்பர் மட்டும் கரைந்து, கண்ணுக்குத் தெரியாத பள்ளங்கள் விழும். இதைத்தான் எட்ச் பண்ணுவது என்பார்கள். அதன்மேல் பல்லேடியம் ஏற்றுவார்கள். பிறகு மின்சாரமே இல்லாமல் ரசாயன முறையில் மெல்லிய நிக்கல் படியும். அந்த நிக்கல் பள்ளங்களுக்குள் இறங்கி இறுகிக்கொள்வதால்தான் மேலே வரும் எல்லாமே நிற்கின்றன. இனி பாகம் மின்சாரம் கடத்தும். அடுத்து செம்பு, அதன்மேல் ஒன்றுக்கு மேற்பட்ட நிக்கல் அடுக்குகள், கடைசியில் குரோமியம்.

அந்தக் குரோமியம் பொதுவாக அரை மைக்ரான்கூட இருக்காது. நாம் பார்க்கும் பளபளப்பில் பெரும்பகுதி அடியில் இருக்கும் நிக்கலுடையது. குரோமியம் நீலச் சாயலையும் கடினத்தையும் தருகிறது. இது தெரிந்தால் ஒரு பழக்கத்தை விட்டுவிடுவீர்கள். பித்தளை, அலுமினியம் தேய்க்கும் சொரசொரப்பான பாலிஷை க்ரோம் கிரில்லில் அழுத்தித் தேய்ப்பதுதான் அது. தேய்க்கத் தேய்க்க மேலே உள்ள குரோமியம் போய், மஞ்சள் சாயலுள்ள நிக்கல் வெளியே வந்துவிடும்.

செம்பு நடுவில் இருப்பதற்கும் காரணம் உண்டு. வெயிலில் ஏபிஎஸ் விரியும் அளவு உலோகத்தைவிடப் பல மடங்கு. மிருதுவான செம்பு அந்த இழுபறியைத் தாங்கிக்கொள்கிறது. மே மாதம் நடுப்பகலில் வெட்டவெளியில் நின்ற வண்டியை நேராக வாஷுக்கு விட்டுக் குளிர்ந்த தண்ணீரை அடித்தால் பூச்சின் ஒவ்வொரு அடுக்கும் அந்த வேறுபாட்டை உணரும். தரமான பிளேட்டிங் இதைத் தாங்கும்.

இதில் பிரச்சினை இடம் கிடைப்பதுதான். நம் ஊர் பிளேட்டிங் பட்டறைகளில் பெரும்பாலானவை உலோகத்துக்கானவை. பிளாஸ்டிக்குக்கு வேண்டிய அமிலத் தொட்டியும் பல்லேடியம் தொட்டியும் தனி வரிசை. அந்த வரிசை வைத்திருக்கும் தொழிற்சாலைகள் ஆயிரக்கணக்கில் பாகம் செய்பவை. உங்கள் ஒற்றைக் கிரில்லுக்காகத் தொங்கவிடும் சட்டம் செய்து தரமாட்டார்கள்.

அதனால் சில பட்டறைகளில் ஒரு குறுக்குவழி உண்டு. மின்சாரம் கடத்தும் செம்புப் பெயின்ட்டையோ வெள்ளிப் பெயின்ட்டையோ பிளாஸ்டிக்மேல் அடித்துவிட்டு, உலோகம் போலவே பிளேட்டிங் செய்துவிடுவார்கள். எடுத்து வரும்போது அசல் க்ரோம்தான், வேறுபாடே தெரியாது. ஆனால் அத்தனை உலோகமும் ஒரு பெயின்ட் அடுக்கின் பிடியில் நிற்கிறது. வீட்டு அலமாரியில் வைக்கும் பொருளுக்கு அது போதும். சாலையில் ஓடும் கிரில்லுக்குப் போதாது. ஓரத்தில் உரியத் தொடங்கினால் அந்த உலோகத் தகடு பிளேடு மாதிரி கையைக் கிழிக்கும். "பிளாஸ்டிக்குக்கும் பண்ணுவோம்" என்று பட்டறையில் சொன்னால், "அமிலத்தில் எட்ச் பண்ணுவீர்களா, கண்டக்டிவ் பெயின்ட் அடிப்பீர்களா?" என்று கேட்டுவிடுங்கள். பதிலில் தெரிந்துவிடும்.

மறைந்திருக்கும் செலவுகள் இன்னும் உண்டு. ஏற்கெனவே பெயின்ட் அடித்த பாகமாக இருந்தால் பெயின்ட் முழுவதையும் எடுக்க வேண்டும். மின்சாரம் விளிம்பில் அதிகமாகவும் குழிவில் குறைவாகவும் பாயும் என்பதால் விளிம்பு தடித்துக் கிளிப் உட்காராமல் போகலாம். கிரில்லின் ஆழமான இடுக்குகளில் முலாம் மெல்லிசாகிவிடலாம். அமிலத்தில் இறங்கிய பாகம் பழைய நிலைக்குத் திரும்பவே திரும்பாது.

சுற்றுச்சூழலும் இந்தக் கணக்கில் வர வேண்டும். குரோமிக் அமிலத் தொட்டியில் இருக்கும் ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம் புற்றுநோய் உண்டாக்கும் பொருள். ராணிப்பேட்டையில் 1990-களில் மூடப்பட்ட ஒரு குரோமேட் ஆலையின் கழிவுக் குவியல் அந்தப் பகுதியின் நிலத்தடி நீரை என்ன செய்தது என்பது தமிழ்நாடு அறிந்த கதை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2017 செப்டம்பருக்குப் பிறகு சிறப்பு அனுமதியில்லாமல் அந்த அமிலத்துக்கு மூலமான குரோமியம் டிரையாக்சைடைப் பயன்படுத்த முடியாது. மூன்று இணைதிறன் குரோமியத்துக்கு மாறும் ஆலைகள் கூடி வருகின்றன. அதன் நிறம் கொஞ்சம் வேறு. பழைய க்ரோமுக்குப் பக்கத்தில் வைத்தால் தெரியும். கழிவுநீரைச் சுத்திகரிக்காமல் சாக்கடையில் விடும் பட்டறையில் குறைந்த விலைக்குச் செய்து வாங்குவதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

எப்போது சரி: ஏபிஎஸ் பாகம், வெளிப்புறம், புதிதாக வாங்கவே கிடைக்காத அரிய மாடல், பிளாஸ்டிக் பிளேட்டிங் வரிசை வைத்திருக்கும் ஆலையின் சம்மதம். நான்கும் சேர்ந்தால் இதைவிடச் சிறந்தது கிடையாது.

## ஸ்ப்ரே க்ரோம்: வெள்ளியால் ஆன கண்ணாடி

பெயரில்தான் க்ரோம், உள்ளே இருப்பது வெள்ளி. வெள்ளி நைட்ரேட் கரைசலிலிருந்து கண்ணாடிபோல வெள்ளியைப் படியவைக்கும் வேதிவினையை 1835-இல் ஜெர்மானிய வேதியியலாளர் லீபிக் விவரித்தார். பள்ளி ஆய்வகத்தில் சோதனைக் குழாயின் உட்புறம் பளிச்சென்று கண்ணாடியாக மாறுவதைப் பார்த்திருப்பீர்களே, அதேதான். ஸ்ப்ரே க்ரோமில் அதையே கன் வழியாகச் செய்கிறார்கள்.

வேலை நடக்கும் விதம் இப்படி. பாகத்தை உப்புத்தாளால் தேய்த்து, எண்ணெய்ப் பிசுக்கு போகத் துடைத்து, ஹார்ட்னர் (பெயின்ட்டை இறுகவைக்கும் திரவம்) கலந்த பளபளப்பான பேஸ் கோட், அதாவது அடிப்பூச்சு, அடிப்பார்கள். அது முழுவதும் காய்ந்ததும் கனிமம் நீக்கிய தண்ணீரால் கழுவி, ஸ்டேனஸ் குளோரைடு கரைசலைத் தெளித்து, மறுபடி கழுவுவார்கள். பிறகு இரட்டை மூக்குள்ள கன். ஒரு மூக்கில் வெள்ளிக் கரைசல், இன்னொன்றில் அதை ஒடுக்கும் கரைசல். இரண்டும் பாகத்தின்மேல் சந்திக்கும்போது முதலில் பழுப்பாக ஓடும், சில விநாடிகளில் கண்ணெதிரே கண்ணாடி எழும்பும். பார்க்கவே அருமையான வேலை. கடைசியில் கழுவிக் காயவைத்து, மஞ்சள் சாயலை அடக்கத் துளி நீல நிறம் சேர்த்த கிளியர் கோட், அதாவது ஒளி ஊடுருவும் மேல்பூச்சு.

இதன் பலம், பிளாஸ்டிக் எதுவாக இருந்தாலும் சரி என்பதுதான். பேஸ் கோட் ஒட்டினால் போதும். ஏபிஎஸ், ஃபைபர் கிளாஸ், மரம், 3டி பிரின்டில் எடுத்த பாகம் எல்லாவற்றுக்கும் இதே வழி. பெரிய பாகம், வளைந்த பாகம், ஒற்றைப் பாகம் எதுவும் தடையில்லை. கிளியரில் நிறம் கலந்தால் தங்கம், செம்பு, புகைக்கறுப்பு என்று எதுவும் கிடைக்கும்.

பலவீனம் அந்த வெள்ளி அடுக்கு. ஒரு மைக்ரானுக்கும் மிகக் குறைவான தடிமன். கீழே பேஸ், மேலே கிளியர், இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருக்கிறது. கிளியர் இருக்கும்வரை வெள்ளி இருக்கும். ஒரு சரளைக்கல் கிளியரைத் துளைத்தால் ஈரமும் காற்றும் உள்ளே போகும், துளையைச் சுற்றி மஞ்சளாகவோ கறுப்பாகவோ வட்டம் விரியும். வெள்ளிக் கொலுசும் காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்கள் பட்டுத்தான் கறுக்கிறது. அந்த இடத்தை மட்டும் ரிப்பேர் செய்ய வழியில்லை. முழுப் பாகத்தையும் தேய்த்து எடுத்துத் திரும்ப முதலிலிருந்து.

இன்னொன்றும் மறக்கக் கூடாது. கண்ணாடிப் பூச்சு அடியில் இருப்பதை அப்படியே காட்டும். சாதாரணப் பெயின்ட் மறைத்துவிடும் உப்புத்தாள் கீறல், ஊசிமுனைத் துளை, ஆரஞ்சுத் தோல் மாதிரியான சொரசொரப்பு எல்லாம் இதில் பன்மடங்காகத் தெரியும். எனவே கூலியில் பெரும்பகுதி வெள்ளிக்கு அல்ல, அதற்கு முந்தைய தயாரிப்புக்கு. மிகக் குறைந்த விலை சொல்லும் ஷெட்டில் எந்த வேலையைக் குறைத்திருப்பார்கள் என்பது இதிலிருந்தே புரியும்.

வீட்டிலேயே செய்யும் கிட்டுகள் ஆன்லைனில் விற்கின்றன. வாங்க நினைப்பவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு: அம்மோனியா கலந்த வெள்ளிக் கரைசலை மிச்சம்பிடித்து மூடி வைக்கவே கூடாது. நேரம் ஆக ஆக அதில் வெடிக்கக்கூடிய வெள்ளிச் சேர்மம் உருவாகலாம். அன்றைக்குக் கலந்தது அன்றைக்கே தீர வேண்டும். ஹார்ட்னர் கலந்த கிளியரில் ஐசோசயனேட் இருக்கும். துணி மாஸ்க் அதைத் தடுக்காது, நுரையீரலுக்குக் கெடுதல். வெள்ளி நைட்ரேட் தோலில் பட்டால் கறுத்துவிடும், கறை போகப் பல நாள் ஆகும். மொட்டைமாடியில் செய்யும் வேலை இல்லை இது.

எப்போது சரி: ஒற்றைப் பாகம், சிக்கலான வடிவம், ஃபைபர் பாடி கிட், கல் நேராக அடிக்காத இடம். கண்ணாடி மூடி, ஸ்பாய்லர், உள்புறக் கன்சோல் எல்லாம் நன்றாக வரும். முன்பம்பரின் கீழ்ப்பகுதி வேண்டவே வேண்டாம்.

## வேக்குவம் மெட்டலைசிங்

காற்றை உறிஞ்சி எடுத்த அறைக்குள் அலுமினியத்தை ஆவியாக்கிப் பாகத்தின்மேல் படியவைப்பது. ஹெட்லைட்டின் உள்ளே இருக்கும் ரிஃப்ளெக்டர் இப்படித்தான் செய்யப்படுகிறது. பழைய கார்களின் டேஷ்போர்டு குமிழ்கள், மீட்டர் வளையங்கள் பலவும் இந்த வகை. அமிலம் இல்லை, கழிவு குறைவு, ஒளி பிரதிபலிப்பு அபாரம். ஆனால் அலுமினியம் மிக மெல்லிசு; மேலே இருக்கும் லாக்கர் என்ற வார்னிஷ் மாதிரியான பூச்சுதான் பாதுகாப்பு. விரல் தினமும் படும் இடத்தில் சில வருடங்களில் தேய்ந்து கறுப்புப் பிளாஸ்டிக் எட்டிப்பார்க்கும். அறைக்குள் நுழையும் அளவு மட்டுமே செய்ய முடியும்.

உள்புறச் சின்னப் பாகங்கள், பழைய காரைப் புதுப்பிப்பவர்கள், ரிஃப்ளெக்டர் மங்கியவர்கள் இதைத்தான் தேட வேண்டும். ரிஃப்ளெக்டருக்குக் க்ரோம் பெயின்ட் அடித்தால் போதும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். வெளிச்சம் சிதறி, எதிரே வருபவரின் கண்ணைக் கூசவைக்கும். உங்களுக்குச் சாலை தெரியாது.

## க்ரோம் பெயின்ட்: டப்பாவில் வருவது

மிக மெல்லிய அலுமினியத் துகள்களைக் கலந்த பெயின்ட். துகள்கள் ஒன்றன்மேல் ஒன்று தட்டையாகப் படுத்தால் கண்ணாடி மாதிரி மின்னும். அதற்கு அடியில் பளபளப்பான கறுப்பு பேஸ் வேண்டும், முழுவதும் காய்ந்திருக்க வேண்டும், மேலே மிக மெல்லிசாகத்தான் அடிக்க வேண்டும். தடிமனாக அடித்தால் சாதாரண சில்வர் கலராகிவிடும்.

பெரும் சிக்கல் அதற்கு மேல் வருகிறது. கிளியர் அடிக்காவிட்டால் விரல் பட்டாலே தேயும். கிளியர் அடித்தால் தின்னர் துகள்களைக் கலைத்துப் பளபளப்பைக் குறைத்துவிடும். சாதாரண டப்பாப் பெயின்ட்டுகளில் இந்த முடிச்சு அவிழ்வதில்லை. இதற்கென்றே தயாரிக்கும் விலை உயர்ந்த பெயின்ட்டுகளில் ஓரளவு அவிழும். ஏசி வென்ட்டின் வளையம், கியர் கன்சோலில் மெல்லிய கோடு, பொம்மைக் கார் மாடல்கள் ஆகியவற்றுக்கு அழகாக இருக்கும். கிரில்லுக்கு அடித்தால் ஒரு மழைக்காலம் தாண்டுவது கடினம். வண்டியின் வெளிப்புறத்துக்கு இதை நான் சிபாரிசு செய்வதில்லை.

## க்ரோம் ஃபிலிம்

பிடிக்காவிட்டால் உரித்துவிடலாம். இந்த ஒன்றுக்காகவே முதல் முறை க்ரோம் முயல்பவர்களுக்கு ஃபிலிம் நல்ல தொடக்கம். பாகத்துக்குச் சேதமில்லை, ரசாயனம் இல்லை, ஒரே நாளில் வேலை முடியும்.

எல்லாம் வடிவத்தைப் பொறுத்தது. தட்டையான பில்லர், கதவின் கீழ்ப்பட்டை, லேசாக வளைந்த டிரிம் இவற்றில் பிரமாதமாக உட்காரும். கண்ணாடி மூடி போன்ற உருண்ட பாகத்தில் இழுத்து ஒட்ட வேண்டும். சாதாரணக் கலர் ஃபிலிம் இழுப்பைத் தாங்கும். க்ரோம் ஃபிலிமில் உள்ள உலோக அடுக்கு தாங்காது. அதிகம் இழுத்த இடம் மங்கலாக வெளுத்துவிடும், ஹீட் கன் சற்று அதிகமாகப் பட்டாலும் அதே கதி. தேன்கூடு மாதிரி கண்ணறைகள் உள்ள கிரில்லில் ஒட்டுவது நேர விரயம். நூறு விளிம்பு, நூறு இடத்தில் உரிய வாய்ப்பு.

க்ரோம் ஃபிலிமுக்குத் தயாரிப்பாளர்கள் தரும் வாரன்டி சாதாரணக் கலர் ஃபிலிமைவிடக் குறைவாகவே இருக்கும். வானத்தைப் பார்த்துக் கிடக்கும் பரப்பில் ஆயுள் இன்னும் குறையும். கீறல் பளிச்சென்று தெரியும். பிரஷ் வைத்த தானியங்கி வாஷுக்கு விடக் கூடாது. ஆயுள் முடிந்த பிறகும் எடுக்காமல் விட்டால் பசை பாகத்தோடு ஒட்டிக்கொண்டு, உரிக்கும் கூலி ஒட்டிய கூலிக்கு அருகில் வந்துவிடும். பிபி பிளாஸ்டிக்கில், அதிலும் வண்டியின் கீழ் ஓரங்களில் வரும் சொரசொரப்பான கறுப்பு கிளாடிங் பட்டையில், பசை நிற்காது. முழு வண்டியையும் சுற்ற நினைப்பவர்கள், நிறம் மாறினால் ஆர்.சி.யில் பதிய வேண்டும் என்பதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். சின்ன டிரிம்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

## ஒட்டும் கார்னிஷ், அல்லது க்ரோம் பாகத்தையே வாங்குவது

இதை இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்று, இருக்கும் ஹேண்டில்மேல், விளக்கைச் சுற்றி டபுள் சைடு டேப்பில் ஒட்டும் கார்னிஷ். இன்னொன்று, அதே மாடலின் உயர்ரக வேரியன்ட்டில் வரும் க்ரோம் கிரில்லையோ கண்ணாடி மூடியையோ வாங்கிக் கழற்றி மாட்டுவது.

இரண்டாவதுதான் பெரும்பாலானவர்களுக்கு நான் சொல்லும் பதில். அது ஆலையில் முழு வரிசையில் பிளேட்டிங் ஆன பாகம், அளவு துல்லியம், பழைய பாகத்தை அட்டைப்பெட்டியில் போட்டு வைத்தால் விற்கும்போது மாட்டிக்கொள்ளலாம். ஸ்ப்ரே க்ரோமை ஒழுங்காகச் செய்யும் கூலியையும் இதன் விலையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். சாதாரணமாக ஓடும் மாடல்களுக்குப் புதுப் பாகம் பல நேரம் மலிவாகவே முடியும். சென்னைப் புதுப்பேட்டை மாதிரி இடங்களில் பழைய அசல் பாகம் தேடுபவர்கள் ஓரங்களை நகத்தால் வருடிப் பாருங்கள். கொப்புளம் தட்டுப்பட்டால் அடியில் ஈரம் போய்விட்டது, வாங்க வேண்டாம்.

ஒட்டும் கார்னிஷில் தரம் எல்லா அளவிலும் வரும். மலிவானதில் முலாம் மெல்லிசு, டேப் அதைவிட மோசம். நல்லதிலும் ஒரு சிக்கல் உண்டு. கார்னிஷுக்கும் பெயின்ட்டுக்கும் நடுவில் மண்ணும் ஈரமும் தங்கும். வண்டி அதிரும்போது அந்த மண் உப்புத்தாள் வேலை செய்யும். இரண்டு வருடம் கழித்துக் கழற்றினால் ஹேண்டிலின் விளிம்பு முழுவதும் தேய்ந்திருக்கும். ஒட்டித்தான் ஆக வேண்டும் என்றால், ஒட்டும் இடத்தைச் சுத்தமாகத் துடைத்து, ஓரம் வெளியே நீட்டாதபடி அழுத்தி, ஒரு நாள் முழுவதும் தண்ணீர் படாமல் விடுங்கள்.

## ஒரு பார்வையில்

| முறை | பளபளப்பு | வெளிப்புற ஆயுள் | ஒற்றைப் பாகத்துக்குச் செலவு | பழையபடி திரும்ப |
|---|---|---|---|---|
| எலக்ட்ரோ பிளேட்டிங் | அசல் | மிக நீண்டது | மிக அதிகம், இடம் கிடைப்பதும் அரிது | முடியாது |
| ஸ்ப்ரே க்ரோம் | அசலுக்கு மிக அருகில் | கிளியரின் தரத்தைப் பொறுத்தது | அதிகம் | தேய்த்துப் பெயின்ட் அடிக்கலாம் |
| வேக்குவம் | நல்ல கண்ணாடி | குறைவு, உள்புறத்தில் நன்று | நடுத்தரம் | கஷ்டம் |
| க்ரோம் பெயின்ட் | வெள்ளிச் சாயல் | மிகக் குறைவு | குறைவு | எளிது |
| ஃபிலிம் | நன்று, வளைவில் மங்கும் | குறைவு முதல் நடுத்தரம் | நடுத்தரம் | மிக எளிது |
| புது க்ரோம் பாகம் | அசல் | நீண்டது | மாடலைப் பொறுத்தது | மிக எளிது |
| ஒட்டும் கார்னிஷ் | அசல் முதல் சுமார் வரை | தரத்தைப் பொறுத்தது | குறைவு | எளிது, அடியில் தேய்மானம் |

## எந்த முறையானாலும் க்ரோம் கூடாத இடங்கள்

இப்போது வரும் பல கார்களில் முன் லோகோவுக்குப் பின்னாலோ பம்பருக்கு உள்ளேயோ ராடார் உட்கார்ந்திருக்கும். முன்னால் போகும் வண்டியின் தூரத்தை அளந்து தானாக பிரேக் பிடிக்க உதவுவது அதுதான். 76, 77 கிகாஹெர்ட்ஸ் அலைகளில் வேலை செய்யும் இந்த ராடாரை ஒரு தொடர்ச்சியான உலோக அடுக்கு மறித்துவிடும். ஆலையில் அந்த லோகோவுக்கு மட்டும் இண்டியம் என்ற உலோகத்தைத் தனித்தனித் தீவுகளாகப் படியவைக்கும் முறை உண்டு. கண்ணுக்கு க்ரோம், அலைக்குத் திறந்த வழி. அதன்மேல் நீங்கள் க்ரோம் ஃபிலிமோ ஸ்ப்ரேயோ போட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். ராடார் எங்கே இருக்கிறது என்று ஓனர் மேனுவலில் பார்த்துவிட்டு வேலை கொடுங்கள். பம்பரில் பதித்த வட்டமான பார்க்கிங் சென்சார்களையும் தொடாதீர்கள்.

கையை வைத்தாலே திறக்கும் ஸ்மார்ட் கீ ஹேண்டில்களுக்குள் தொடு உணரி இருக்கும். உலோக முலாம் பூசிய கார்னிஷ் அதை மறைத்தால் கதவு சில நேரம் திறக்கும், சில நேரம் திறக்காது. அந்த மாடலுக்கென்று உணரி இடம் விட்டு வரும் கார்னிஷைத்தான் கேட்டு வாங்க வேண்டும்.

ஸ்டீயரிங்கின் நடுவில் ஏர்பேக் இருக்கும் மூடியில் க்ரோம் வளையம், கல் பதித்த லோகோ எதுவும் ஒட்டக் கூடாது. ஏர்பேக் விரியும் வேகத்தில் அது முகத்தை நோக்கிப் பாயும். இதைப் பற்றி அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிறுவனம் எச்சரிக்கையே விடுத்திருக்கிறது. டேஷ்போர்டின் மேற்பரப்பிலும் க்ரோம் வேண்டாம். நண்பகல் வெயில் அதில் பட்டு முன்கண்ணாடியில் எதிரொளித்தால் சாலையே தெரியாது.

## யாருக்கு எது

ஓடிக்கொண்டிருக்கும் மாடல், கிரில்லும் கண்ணாடி மூடியும் மட்டும் மாற்ற வேண்டும் என்பவர் உயர்ரக வேரியன்ட்டின் பாகத்தை வாங்கட்டும். உற்பத்தி நின்றுபோன பழைய கார், அசல் பாகம் எங்கும் கிடைக்கவில்லை என்றால் ஏபிஎஸ் பாகத்துக்கு ஆலை பிளேட்டிங் கிடைக்குமா என்று முதலில் தேடுங்கள். கிடைக்காவிட்டால் ஸ்ப்ரே க்ரோம். ஃபைபர் கிட் போட்டவருக்கு ஸ்ப்ரே க்ரோம்தான், வேறு யோசனை வேண்டாம். பம்பரின் பிபி விளிம்பை மின்ன வைக்க ஆசைப்படுகிறவர்களுக்கு என் பதில் வேண்டாம் என்பதே. அது வளைவதற்காகச் செய்த பாகம், மேலே எதைப் பூசினாலும் விரிசல் விடும். க்ரோம் தன் வண்டிக்குப் பொருந்துமா என்றே தெரியாதவர் ஒரு தட்டைப் பட்டையில் ஃபிலிம் ஒட்டி ஆறு மாதம் ஓட்டிப் பார்க்கட்டும். டாக்சியாக, டிராவல்ஸாக தினமும் ஓடும் வண்டிக்கு ஸ்ப்ரே க்ரோமில் பணத்தைப் போடாதீர்கள். அந்த ஓட்டத்தில் கல்லடி நிச்சயம்.

## வேலை கொடுக்கும் முன்

ஷெட்டில் பாகத்தைக் கொடுப்பதற்கு முன், அதே பிளாஸ்டிக்கின் உடைந்த துண்டு ஒன்றில் மாதிரி செய்து தரச் சொல்லுங்கள். முழுவதும் இறுகிய பிறகு பிளேடால் குறுக்கும் நெடுக்குமாக நெருக்கமான கோடுகள் போட்டு, நல்ல ஒட்டும் டேப்பை அழுத்தி ஒட்டி, சட்டென்று இழுங்கள். கட்டங்கள் டேப்போடு வந்தால் அந்த ஷெட்டில் அடித்தளம் சரியில்லை. நல்ல வேலைக்காரர் இந்தச் சோதனைக்குக் கோபப்படமாட்டார்.

பேஸ் கோட்டும் கிளியரும் எந்த வகை, பிபி பாகமானால் ஒட்டுமானத்துக்கு முன்பூச்சு அடிப்பார்களா, கிளிப் உடைந்தால் யார் பொறுப்பு, இடது பக்கம் கெட்டால் வலதையும் சேர்த்து எவ்வளவு என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். வேலை முடிந்து வாங்கியதும் கிளியர் இறுக எத்தனை நாள் என்று கேட்டு, அதுவரை பிரஷர் கன், ஷாம்பு, மெழுகு எதையும் அந்தப் பாகத்தின் பக்கம் கொண்டுபோகாதீர்கள். பறவை எச்சம் விழுந்தால் மட்டும் உடனே ஈரத்துணியால் ஒற்றி எடுத்துவிடுங்கள், தேய்க்க வேண்டாம்.